பாடத் தெரியாதவருக்கான மெட்டு: லோவெல் மேசனும் அமெரிக்க ஞானப்பாட்டும்

(கல்லூரி இசைத்துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டிய இடங்களில் சுர எழுத்துகளைத் தந்திருக்கிறேன். கிளைக்கதைகள் பலவற்றை நீக்கிவிட்டேன்.)



ஞானப்பாட்டுக்கு மெட்டமைத்தவர்களை இசை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் வைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றதும் பீத்தோவன், ஷூபர்ட், வாக்னர் என்று அத்தியாயங்கள் ஓடும். அமெரிக்காவின் லோவெல் மேசனுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். ஆனால் அவருடைய மெட்டைத் தெரியாதவர் இந்த அவையில் அநேகமாக இருக்க மாட்டார். தேவாலயத்தின் பக்கமே போகாதவர்கள்கூட டிசம்பர் மாதக் கடைவீதியில் ஒன்றையும், டைட்டானிக் படத்தில் ஒன்றையும் கேட்டிருப்பீர்கள். அவர் சொந்தமாக அமைத்த மெட்டுகள் ஏறத்தாழ 1,100. பிறரிடமிருந்து எடுத்துத் திருத்தியவை தனி.

இன்று நான் நிறுவ முயல்வது ஒரே கருத்து. மேசனின் மெட்டுகளைக் கலைப்படைப்பு என்று எடுத்துக்கொண்டால் அவை மெலிந்தவை, சில சலிப்பூட்டுபவை. பாடநூல் என்று எடுத்துக்கொண்டால் அவற்றில் ஒரு சுரம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பயிற்சியே இல்லாத ஒரு கூட்டத்தைப் பாட வைக்க வேண்டும் என்ற நோக்கத்துக்காகவே அவர் மெட்டமைத்தார், புத்தகம் தொகுத்தார், பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். மூன்றும் ஒரே வேலை. அந்த வேலையில் சிலர் தங்கள் பாட்டை இழந்தார்கள். அதையும் சொல்லாமல் விட முடியாது.

1. பெயர் போடாத வங்கி எழுத்தர்

மேசன் 1792 ஜனவரி 8 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபீல்ட் ஊரில் பிறந்தார். இருபது வயதில், 1812இல், தெற்கே ஜார்ஜியாவின் சவான்னா துறைமுக நகருக்குப் பிழைக்கப் போனார். முதலில் கடை வேலை, பிறகு வங்கி எழுத்தர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தினார். அங்கே குடியேறியிருந்த ஃபிரடெரிக் ஏபெல் என்ற ஜெர்மானியரிடம் ஒத்திசைவு இலக்கணம் படித்தார்.

அந்த நாட்களில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் வில்லியம் கார்டினர் என்றொருவர் இருந்தார். தொழில் காலுறை உற்பத்தி, பித்து ஐரோப்பிய இசை. ஹைடன், மொசார்ட், பீத்தோவன் ஆகியோரின் இசைத் துண்டுகளை எடுத்து, அவற்றில் ஆங்கில வேதப்பாட்டுகளைப் பொருத்திப் புத்தகமாக வெளியிட்டார். மேசன் அதை முன்மாதிரியாக வைத்து, தன் மெட்டுகளையும் சேர்த்து, ஒரு தொகுப்பு தயாரித்தார். பதிப்பாளர்கள் கைவிரித்தார்கள். கடைசியில் 1815இல் தொடங்கப்பட்டிருந்த பாஸ்டன் ஹேண்டல் ஹைடன் சங்கம் அதை ஏற்றது. சங்கத்தின் ஆர்கன் கலைஞர் ஜி. கே. ஜாக்சன் ஒத்திசைவைப் பார்த்து நல்ல சான்று கொடுத்தார். 1822இல் சங்கத்தின் பெயரைத் தாங்கிப் புத்தகம் வந்தது.

தலைப்புப் பக்கத்தில் தொகுப்பாளர் பெயர் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டவர் மேசனேதான். தான் ஒரு வங்கிப் பணியாளர், பாட்டுக்காரன் என்று பெயர் எடுக்க விருப்பமில்லை என்பது அவர் பிற்காலத்தில் சொன்ன காரணம். பாட்டு ஒரு மரியாதையான தொழில் என்று அன்றைய அமெரிக்கா நினைக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்தப் புத்தகம் 22 பதிப்புகள் கண்டது. கடனில் தள்ளாடிய சங்கம் நிமிர்ந்தது. 1827இல் மேசன் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்து அதே சங்கத்தின் தலைவரானார். பிறகு பெயரை மறைக்கும் தேவை அவருக்கு வரவில்லை.

2. அவருக்கு முன் பாஸ்டன் பாடியது

மேசன் வெற்று நிலத்தில் விதைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு பாட்டு மரபு செழித்திருந்தது. அதன் தலைமகன் வில்லியம் பில்லிங்ஸ், பாஸ்டனில் தோல் பதனிடும் தொழிலாளி. 1770இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 120க்கும் மேற்பட்ட பாடல்கள், அத்தனையும் அவரே அமைத்தவை. முகப்புப் படத்தைச் செதுக்கியவர், அமெரிக்க விடுதலைப் போரில் குதிரையேறிச் செய்தி கொண்டுபோன பால் ரிவியர்.

பில்லிங்ஸும் அவர் வழியினரும் விரும்பி எழுதியது துரத்துப் பாட்டு. முதலில் எல்லாக் குரல்களும் சேர்ந்து பாடும். பாதியில் ஒரு குரல் தனியே ஓர் அடியைத் தொடங்கும். இரண்டாவது குரல் அதே அடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நுழையும், பிறகு மூன்றாவது, நான்காவது. நால்வரும் நான்கு வெவ்வேறு சொற்களை ஒரே நேரத்தில் முழங்குவார்கள். பாடுகிறவனுக்குப் பெரும் கொண்டாட்டம். கேட்கிறவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது. முதன்மை மெட்டு ஆண்களின் டெனர் குரலில் இருக்கும். ஐரோப்பிய இலக்கணம் தவறு என்று சொல்லும் இடைவெளிகள் தாராளமாக வரும்.

பில்லிங்ஸ் 1800இல் வறுமையில் இறந்தார். அதற்குள்ளாகவே நகரத்துப் படித்த வர்க்கம் இந்த இசையைக் கரடுமுரடு என்று ஒதுக்கத் தொடங்கியிருந்தது. மேசன் அந்த மனநிலையை உருவாக்கியவர் இல்லை, அதற்கு ஒரு நிறுவன வடிவம் கொடுத்தவர். நியூயார்க்கில் தாமஸ் ஹேஸ்டிங்ஸ் இதே பணியைச் செய்துகொண்டிருந்தார். மேசனின் மாணவர் வில்லியம் பிராட்பரி அடுத்த தலைமுறையில் ஞாயிறு பள்ளிப் பாட்டுகளாக அதைப் பெருக்கினார்.

3. மெட்டின் கட்டுமானம்

இங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். என் கருத்தின் பாரம் முழுதும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

மூன்று மெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது ‘ஹாம்பர்க்’, 1824இல் அமைத்தது. கிரெகோரியன் ஓதுமுறையிலிருந்து எடுத்ததாக அவரே குறித்திருக்கிறார். ஐசக் வாட்ஸ் என்ற ஆங்கிலக் கவியின் சிலுவைப் பாட்டுக்கு அமெரிக்கர்கள் இன்றும் பாடுவது இதைத்தான். இந்த மெட்டு முழுவதும் ஐந்தே சுரங்களுக்குள் நடக்கிறது. பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம். அடுத்தடுத்த சுரத்துக்குத்தான் நகர்கிறது, தாவல் மிகக் குறைவு. ஆண், பெண், சிறுவன், எழுபது வயதுக் கிழவர் என யார் தொண்டைக்கும் எட்டாத சுரம் அதில் கிடையாது.

இரண்டாவது ‘பெத்தானி’. சாரா ஃபிளவர் ஆடம்ஸ் என்ற ஆங்கிலக் கவி 1841இல் எழுதிய, யாக்கோபின் ஏணிக் கனவைத் தழுவிய பாட்டுக்கு 1856இல் மேசன் தந்த மெட்டு. அப்போது அவருக்கு வயது 64. இரவில் தூக்கம் வராமல் இருட்டில் கண்விழித்துக் கிடந்தபோது மெட்டு தானாக வந்தது, மறுநாள் காலையில் எழுதி வைத்தேன் என்று பின்னர் சொன்னார். வந்த விதம் எப்படியோ, வந்த பொருளைப் பாருங்கள்.

க ரி ஸ ஸ த த – ப ஸ க ரி.

‘த’வும் ‘ப’வும் கீழ் ஸ்தாயி. வாசித்தபோது அவையில் இரண்டு மூன்று பேர் “மோகனம்” என்றார்கள். முதல் வரியில் இருப்பவை மோகனத்தின் ஐந்து சுரங்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால் இரண்டாம் வரியின் முடிவில் நிஷாதம் வந்துவிடுகிறது. தவிர, கமகம் இல்லாத இடத்தில் ராகப் பெயர் சூட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நமக்கு வேண்டிய செய்தி வேறு. இந்த மெட்டு நான்கு பகுதிகள் கொண்டது. முதல், இரண்டாம், நான்காம் பகுதிகள் முடிவில் மட்டும் சிறிது மாறும் ஒரே பகுதி. மூன்றாவது மட்டும் புதிது, அது சற்று மேலே ஏறிப்போகிறது. அதாவது இரண்டு துண்டு படித்தால் முழுப்பாட்டும் கைவசம். ஆராதனைக்கு முதல் முறை வந்தவர்கூட முதல் சரணத்தின் கடைசி வரியில் சேர்ந்துகொள்ளலாம். இப்படி அமைவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நாற்பதாண்டுகளாக வகுப்பு எடுத்தவரின் கை அது.

மூன்றாவது ‘அந்தியோகியா’. கிறிஸ்துமஸ் காலத்தில் உலகம் முழுவதும் கேட்கும் பாட்டு. வாட்ஸ் 98ஆம் சங்கீதத்தைத் தழுவி 1719இல் வெளியிட்ட வரிகளுக்கு மேசன் 1836இல் பொருத்திய மெட்டு. தொடக்கம் இப்படி: மேல் ஸட்ஜத்திலிருந்து ஸ நி த ப ம க ரி ஸ. தீரசங்கராபரணத்தின் அவரோகணம், அப்படியே, ஒன்றுகூட விடாமல். சுரவரிசை கற்ற பிள்ளை அன்றைக்கே இந்தப் பாட்டின் முதல் வரியைக் கற்றுவிட்டது.

இந்த மெட்டை ஹேண்டலிடமிருந்து எடுத்ததாக மேசன் அச்சிட்டார். ஹேண்டலின் ‘மெசையா’வில் வரும் இரண்டு இடங்களின் சாயல் அதில் உண்டு என்பது உண்மை. ஆனால் இதே மெட்டு மேசனுக்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்துத் தொகுப்புகளில் இருந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆக இதில் மேசனின் பங்கு தேர்வும் திருத்தமும் மட்டும். தேர்விலும் ஒரு வேடிக்கை. பாட்டின் பிற்பகுதியில் மேல் குரல்கள் ஓர் அடியைப் பாட, கீழ்க் குரல்கள் அதையே பின்னால் பிடித்துக்கொண்டு வருகின்றன. பில்லிங்ஸின் துரத்துப் பாட்டு! எந்த வழக்கத்தை ஒதுக்கப் பாடுபட்டாரோ, அதன் கடைசித் துண்டு அவர் பெயரோடு சேர்ந்தே பிழைத்துக் கிடக்கிறது.

சரளி வரிசையைப் பார்த்து, கற்பனை போதவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை. அதன் வேலை வேறு என்று நமக்குத் தெரியும். மேசனின் மெட்டுகளில் பெரும்பகுதிக்கு அந்த நீதியை வழங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு வேறுபாடு உண்டு. சரளி வரிசை கச்சேரிக்குப் போகும் வழியில் உள்ள படி. மேசனின் மாணவர்களுக்குக் கச்சேரியே அதுதான், ஞாயிறு காலை, வாழ்நாள் முழுவதும்.

4. பள்ளிக்கூடத்துக்குள் பாட்டு

1830 வாக்கில் பாஸ்டனில் ஒரு புதுக் கருத்து பேசப்பட்டது. சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி வகுத்த கல்வி முறையில், குழந்தைக்கு முதலில் பொருளைக் காட்ட வேண்டும், பெயரும் குறியும் பிறகு. அவரைப் பின்பற்றிய நேகெலி போன்றோர் இதைப் பாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முதலில் குழந்தை பாடட்டும், பிறகு எழுத்துக் குறியைப் பார்க்கட்டும். தாளம், சுரம், ஒலியின் வலிமை மூன்றையும் தனித்தனியாகக் கற்பித்துப் பின்பு சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் இதைக் கண்டுவந்த வில்லியம் உட்பிரிட்ஜ் என்ற புவியியல் நூலாசிரியர் மேசனை இந்த முறைக்குத் திருப்பினார்.

மேசன் குழந்தைகளுக்கு இலவச வகுப்பு தொடங்கினார். 1833இல் பாஸ்டன் இசைக் கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, ஜெர்மன் நூலொன்றை அடியொற்றி ஆசிரியர் கையேடு வெளிவந்தது. 1837இல் தென் பாஸ்டனின் ஹாஸ் பள்ளியில் ஊதியம் வாங்காமல் ஓராண்டு பாடம் எடுத்துக் காட்டினார். 1838 ஆகஸ்டில் நகரப் பள்ளிக் குழு இசையைப் பொதுப் பாடமாக ஏற்றது. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இசை வகுப்பின் பிறந்தநாள் என்று இன்றும் அதைத்தான் குறிக்கிறார்கள்.

இந்த வெற்றியின் அடியில் ஒரு துணிச்சலான கொள்கை இருந்தது: பாட்டு எல்லாருக்கும் வரும். குரல்வளம் சிலருக்கே வாய்த்த வரம் என்று நம்பிய காலத்தில், எழுத்தும் கணக்கும் போல் பாட்டையும் வகுப்பு முழுவதற்கும் கற்பிக்கலாம் என்றார் மேசன். மூன்றாம் பகுதியில் பார்த்த மெட்டுகளை இந்தக் கொள்கையோடு சேர்த்துப் படியுங்கள். ஐந்து சுர எல்லை, படிப்படியான நகர்வு, திரும்பத் திரும்ப வரும் பகுதி எல்லாம் கரும்பலகைக்கு முன்னால் பிறந்தவை.

வணிகமும் கூடவே நடந்தது. ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புக்கு மாநிலம் மாநிலமாகப் பாட்டு வாத்தியார்கள் வந்தார்கள், திரும்பும்போது மேசனின் புத்தகத்தோடு போனார்கள். 1841இல் வந்த ‘கார்மினா சாக்ரா’ தொகுப்பு பல லட்சம் பிரதிகள் விற்றது. மகன்கள் இருவர் பதிப்பகம் நடத்தினார்கள். இன்னொரு மகன் ஹென்றி 1854இல் ‘மேசன் அண்ட் ஹாம்லின்’ ஆர்கன் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1845இல் பாஸ்டன் பள்ளிக் குழு மேசனைப் பொறுப்பிலிருந்து விலக்கியபோது அவர் செல்வந்தர். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இசையால் ஒருவர் சம்பாதிக்க முடியும் என்பதே அந்த நாட்டுக்குப் புதுச்செய்தி.

5. மெட்டுக்குச் சொல் சொந்தமில்லை

ஹாம்பர்க், பெத்தானி என்று மெட்டுக்குத் தனிப்பெயர் ஏன் என்று ஒரு மாணவர் முன்னரே கேட்டிருந்தார். ஆங்கில ஞானப்பாட்டில் மெட்டும் வரிகளும் தனித்தனி. எட்டு அசை கொண்ட நான்கு அடி என்றால் நெடு அளவு, எட்டும் ஆறும் மாறி வந்தால் பொது அளவு. அளவு பொருந்தினால் எந்தப் பாட்டையும் எந்த மெட்டிலும் பாடலாம். பத்து மெட்டு தெரிந்த சபை நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பாடிவிடும். மேசனின் பாடத்திட்டத்துக்கு இது எவ்வளவு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆடம்ஸின் பாட்டுக்கு அமெரிக்கர்கள் பெத்தானியைப் பாடினார்கள். இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சபையார் டைக்ஸ் என்பவரின் மெட்டையும், மெதடிஸ்டுகள் சல்லிவன் என்பவரின் மெட்டையும் பாடினார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது இந்தப் பாட்டு வாசிக்கப்பட்டது என்ற செய்தி பரவியதும் ஒவ்வொருவரும் தங்கள் மெட்டைத்தான் மனத்தில் கேட்டார்கள். 1997 ஹாலிவுட் படத்தில் மேசனின் மெட்டு வருகிறது, 1958 ஆங்கிலப் படத்தில் டைக்ஸின் மெட்டு. வாத்தியக் குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லியின் கல்லறையில் செதுக்கியிருப்பதோ சல்லிவன் மெட்டின் தொடக்கச் சுரங்கள்.

நம் பக்கத்தைத் தொடும் ஒரு கதையும் இதில் இருக்கிறது. ரெஜினால்டு ஹீபர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1819இல் மிஷனரிப் பணிக்காக ஒரு பாட்டு எழுதினார். அதில் இலங்கைத் தீவின் அழகைப் போற்றிய கையோடு அங்குள்ள மனிதரை இழித்துரைக்கும் ஒரு வரி வருகிறது. அந்தப் பாட்டுக்கு 1823இல் சவான்னாவில் மெட்டுப் போட்ட இளம் வங்கி எழுத்தர்தான் மேசன். அதே ஆண்டு ஹீபர் கல்கத்தா பிஷப்பாக இந்தியா வந்தார். 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் சடங்கு நடத்திவிட்டுத் திரும்பியவர், குளிக்கும் தொட்டியில் உயிர்விட்டார். அவர் கல்லறை அங்கே தூய யோவான் ஆலயத்தில் இருக்கிறது. மேசனின் மெட்டு அந்த வரியைத் தூக்கிக்கொண்டு உலகைச் சுற்றியது. 1925இல் கல்கத்தாவில் மிஷனரிகளிடம் பேசிய காந்தி அந்த வரியை நினைவுகூர்ந்து மறுத்தார். மெட்டு இவ்வளவு எளிதாக இல்லாதிருந்தால் சொல் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். கற்பிப்பதற்கு எளிய கருவி எதையும் கற்பிக்கும்.

6. யாருடைய பாட்டு போயிற்று

மேசனை இதுவரை காத்துப் பேசினேன். இந்த இடத்தில் அவரோடு நிற்க முடியவில்லை.

1801இல் அமெரிக்காவில் ஓர் எளிய சுரக்குறிப்பு முறை அச்சில் வந்தது. ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி சாய்சதுரம். கோடுகளில் சுரம் எங்கே நிற்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டாம், வடிவத்தைப் பார்த்தே பாடிவிடலாம். ஊர் ஊராகப் போன பாட்டு வாத்தியார்கள் இதை வைத்துச் சில வாரங்களில் விவசாயிகளை நான்கு குரலில் பாட வைத்தார்கள். பாடத் தெரியாதவரைப் பாட வைப்பதுதான் மேசனின் நோக்கம் என்றால், அதற்கு இதைவிடக் கூரிய கருவி அன்று இருக்கவில்லை.

மேசன் இதை ஏற்கவில்லை. அவரும் தம்பி திமோத்தியும் 1834இல் ஒஹாயோவின் சின்சினாட்டியில் ‘சேக்ரட் ஹார்ப்’ என்ற தொகுப்பை வெளியிட்டபோது, மேற்குப் பகுதியில் வேறு எழுத்து விற்காது என்று பதிப்பாளர்களே வடிவக் குறிகளில் அச்சிட்டார்கள், தொகுப்பாளர்களின் விருப்பத்துக்கு மாறாக. மறுப்பின் காரணம் கற்பித்தல் சார்ந்தது என்று என்னால் ஒப்ப முடியவில்லை. ஐரோப்பா எழுதுவது போல் எழுதினால்தான் இசை, ஐரோப்பா ஒப்புகிற ஒத்திசைவே முறையான ஒத்திசைவு என்ற நம்பிக்கை அது. பாட்டு எல்லாருக்கும் வரும் என்றவர், எல்லாரிடமும் ஏற்கெனவே இருந்த பாட்டைப் பாட்டாக எண்ணவில்லை. கில்பர்ட் சேஸ் 1955இல் எழுதிய அமெரிக்க இசை வரலாற்றில் மேசன் வகையினரைக் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தின் பாதியை நான் ஏற்கிறேன்.

பில்லிங்ஸின் பாட்டுகள் நகரத்துப் புத்தகங்களிலிருந்து மறைந்தன. தெற்கே மலைப்பகுதிகளில் வடிவக் குறிப் புத்தகங்களில் அவை உயிர்பிழைத்தன. 1844இல் இன்னொரு ‘சேக்ரட் ஹார்ப்’ வந்தது, மேசன் வங்கியில் கணக்கு எழுதிய அதே ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த இருவர் தொகுத்தது. அந்தப் புத்தகத்தை வைத்து, மெட்டை டெனரில் நிறுத்தி, நான்கு பக்கமும் சதுரமாக உட்கார்ந்து உரக்கப் பாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் மதுரையைப் பற்றி ஒரு சொல். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் வேலை செய்தது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கியமானவை. மேசன் புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகளில், அவர் ஊர் மிஷனைச் சேர்ந்த ஒருவர், மக்களிடம் இருந்த பாட்டிலிருந்தே தொடங்கலாம் என்று முடிவு செய்தார்.

மேசன் 1872 ஆகஸ்ட் 11 அன்று நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரில் இறந்தார். ஜெர்மன் ஆர்கன் கலைஞர் ரிங்கின் நூலகம் முழுவதையும் அவர் 1852இல் விலைக்கு வாங்கியிருந்தார். அவருடைய சேகரிப்பு இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அமெரிக்கா போகும் ஆய்வாளர்கள் பார்க்கலாம். இங்கேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, மாணவர்கள் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். ‘பாமாலை’ ஞானப்பாட்டுப் புத்தகத்தில் உள்ள மேசனின் மெட்டுகளை நம் கிராமத்துச் சபைகள் எப்படிப் பாடுகின்றன என்று ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு சுரத்துக்கு ஓர் அசை என்று அவர் கட்டியது நெல்லைச் சீமையில் எங்கே இழுபடுகிறது, எங்கே கமகம் ஏறுகிறது, குறில் நெடில் எந்த இடத்தில் அவருடைய தாளத்தை மீறுகிறது என்று அச்சிட்ட சுரத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். முதலில் பெத்தானியின் இரண்டாம் வரி நிஷாதத்தைக் கேளுங்கள். அது அங்கே இருக்கிறதா, மோகனமாகவே ஆகிவிட்டதா என்று அறிய எனக்கு ஆவல்.